கணவர் பெயர் என்ன?

"உங்கள் பெயர்?"

"அகுஸ்டே."

"குடும்பப் பெயர்?"

"அகுஸ்டே."

"கணவர் பெயர் என்ன?"

கொஞ்சம் யோசனை. பிறகு பதில் வருகிறது. "அகுஸ்டே என்றுதான் நினைக்கிறேன்."

"நான் கேட்டது உங்கள் கணவரை."

"ஓ, என் கணவரா..."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கேள்வியே புரியாத மாதிரி ஒரு பார்வை.

1901-ம் ஆண்டு நவம்பர் 26-ம் தேதி நடந்த உரையாடல் இது. இடம், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் மனநோயாளிகளுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் இருந்த ஆஸ்பத்திரி. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர், 'பைத்தியக்காரக் கோட்டை'. கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு வயது 51. முதல் நாள்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்து கேட்டவருக்கு வயது 37. பெயர், டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமர்.

இந்தப் பெயரை உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு உலகம் முழுக்க எந்த வீட்டுத் தாத்தா பாட்டிக்கு ஞாபகம் தவறினாலும், கூப்பிடப்படுவது இவர் பெயர்தான். அந்த அம்மாளின் முழுப்பெயர் அகுஸ்டே டீட்டர். மருத்துவப் புத்தகங்களில் அவரும் வந்துவிட்டார்.

டாக்டர் கேட்டு, அந்த அம்மாள் சொல்ல முடியாமல் போன மூன்றாவது பெயர் ஒன்று இருக்கிறது. நாம் பேசப்போவது அவரைப் பற்றித்தான்.

கார்ல் டீட்டர். ரயில்வே ஆபீசில் குமாஸ்தா.

பெரிய உத்தியோகமில்லை. பெரிய சம்பளமும் இல்லை. 1873-ல் அகுஸ்டேவுடன் கல்யாணம். ஒரே ஒரு பெண் குழந்தை. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பம். சுமார் 28 வருடம் அப்படியே ஓடியிருக்கிறது.

1901 மார்ச் மாதம் திடீரென்று ஒருநாள் அகுஸ்டே கணவர் மீது ஒரு குற்றச்சாட்டு வைக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நீங்கள் உலாவப் போகிறீர்கள்!

கார்ல் ஆடிப்போய்விட்டார். ஐம்பது வயதுக்கு மேல், இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியபிறகு, இதென்ன கூத்து? சண்டை போட்டிருக்கலாம். சத்தியம் செய்திருக்கலாம். எதுவும் பலித்திருக்காது. ஏனென்றால் அது சந்தேகமே இல்லை. அது வியாதி. ஆனால் அப்படியொரு வியாதி இருப்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அடுத்தடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாக வந்தது. சமையலில் தப்பு. வீட்டுச் செலவுப் பணத்தில் குளறுபடி. சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் நடப்பது. சாமான்களைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டு, பிறகு காணோம் என்று தேடுவது. ராத்திரித் தூக்கம் போய்விட்டது. யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கத்தல். அக்கம்பக்கத்து வீட்டு மணிகளை அடித்துவிட்டு நிற்பது.

எட்டு மாதம். பகலில் ஆபீஸ், ராத்திரி இந்த அமர்க்களம். கார்ல் தாங்கிப் பார்த்தார். முடியவில்லை. குடும்ப டாக்டரிடம் போய் ஒரு கடிதம் வாங்கினார். ஞாபகசக்தி குறைந்துவிட்டது, யாரோ துரத்துவதாக பயம், தூக்கமில்லை, எந்த வேலையும் செய்ய முடியவில்லை, மனநோய் ஆஸ்பத்திரி வைத்தியம் தேவை என்று அவர் எழுதிக்கொடுத்தார். நவம்பர் 25-ம் தேதி மனைவியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வீடு திரும்பினார் அந்த குமாஸ்தா.

கவனியுங்கள். உலகத்தின் முதல் அல்ஸைமர் கேஸ் கட்டில் நோயின் ஆரம்பக் கதை எங்கிருந்து வந்தது? மைக்ராஸ்கோப்பிலிருந்து இல்லை. கார்ல் சொன்னதிலிருந்து. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார். அன்றும் சரி, இன்றும் சரி, இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பது டாக்டர் இல்லை. கூட இருப்பவர்தான்.

*

அல்ஸைமர் நல்ல மனிதர். இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிப்போடுவது உலகத்தின் பல மூலைகளில் நடைமுறையாக இருந்த காலம் அது. ஃபிராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரியின் தலைவர் எமில் சியோலிக்கு அது பிடிக்காது. அல்ஸைமருக்கும் பிடிக்காது. கட்டிப்போடாதே, பேசு, வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் உட்காரவைத்து அமைதிப்படுத்து என்பது அவர்கள் கட்சி. அகுஸ்டேவும் மணிக்கணக்கில் அந்தத் தொட்டிகளில் இருந்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அதே 1901 பிப்ரவரியில்தான் அல்ஸைமரின் மனைவி செசிலியா இறந்துபோயிருந்தார். வீட்டில் மூன்று சின்னக் குழந்தைகள். அவருடைய தங்கைதான் வந்திருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். மனைவியைப் பறிகொடுத்த ஒருவர், மனைவியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுத்துக்கொண்டிருந்த இன்னொருவரின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தார். சரித்திரம் சில சமயம் இப்படியெல்லாம் ஆள் சேர்க்கும்.

தொடர்ந்து பல நாள் அகுஸ்டேவோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார் அல்ஸைமர். மதியச் சாப்பாட்டுக்குப் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும். என்ன சாப்பிடுகிறீர்கள்? "கீரை." ஆறு முட்டை வாங்கினால், ஒரு முட்டை ஏழு காசு என்றால், மொத்தம் எவ்வளவு? அதற்கும் சம்பந்தமில்லாத ஒரு பதில். எத்தனை வருடம் வீட்டுக் கணக்குப் பார்த்த பெண்மணி! பென்சிலைக் காட்டினால் பேனா என்றார். ஆனால் சாவியையும் சுருட்டையும் சரியாகச் சொன்னார். உங்கள் பெயரை எழுதுங்கள் என்றால் 'திருமதி' என்று எழுதுவதற்குள் மீதி மறந்துவிட்டது.

அப்போது அந்த அம்மாள் ஒன்று சொன்னார். "நான் என்னைத் தொலைத்துவிட்டேன்."

அல்ஸைமர் அதையும் எழுதிவைத்தார்.

எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு திகைப்பு வரும். பெயர் தெரியவில்லை, வருஷம் தெரியவில்லை. ஆனால் தொலைந்துபோனது மட்டும் தெரிகிறது! அவங்களுக்கு ஒண்ணும் புரியாது என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*

இனி கார்லின் பக்கம்.

ஆஸ்பத்திரிச் செலவு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. இதைவிடச் செலவு குறைந்த இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று பலமுறை கேட்டுப் பார்த்தார். அல்ஸைமருக்கு அதில் சம்மதமில்லை. இந்த நோயாளியை அவர் விட விரும்பவில்லை. 1903-ல் அவரே ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டு ஹைடல்பர்குக்கும், அங்கிருந்து மியூனிக்குக்கும் போய்விட்டார். ஆனால் அகுஸ்டே எப்படி இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

எப்படி இருந்தார்? காலை மடக்கிக்கொண்டு படுத்த படுக்கை. தன்னை அறியாமல் எல்லாம் படுக்கையிலேயே. உடம்பில் படுக்கைப் புண். பேச்சு கிட்டத்தட்ட நின்றேவிட்டது. 1906 ஏப்ரல் 8-ம் தேதி இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலு வருடம், நாலு மாதம்.

சியோலி, அந்த அம்மாளின் மூளையையும் கேஸ் கட்டையும் மியூனிக்குக்கு அனுப்பிவைத்தார். அல்ஸைமர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. செல்களுக்குள் முடிச்சு முடிச்சாக இழைகள். வெளியே திட்டுத்திட்டாக ஏதோ படிவு. அதே வருடம் நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் அதை வாசித்தார்.

கைதட்டல்? ம்ஹூம். ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

1910-ல் அவருடைய மேலதிகாரி எமில் கிரெப்பலின் தமது பாடப்புத்தகத்தில் இந்த நோய்க்கு 'அல்ஸைமர் நோய்' என்று பெயர் வைத்தார். அல்ஸைமர் 1915 டிசம்பரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 51. கட்டிலில் உட்கார்ந்து அகுஸ்டே முதன்முதலில் பதில் சொன்னாரே, அதே வயது.

அந்த கேஸ் கட்டு காணாமல் போய்விட்டது. கொஞ்ச நஞ்ச நாளில்லை. 1995 டிசம்பரில்தான் கொன்ராட் மாரர் என்கிற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஃபிராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரியின் பழைய ஆவணக் குவியலிலிருந்து அதைத் தேடி எடுத்தார்கள். நீல நிற அட்டை. உள்ளே அல்ஸைமரின் கையெழுத்தில் கேள்வி, பதில்கள். மடித்த விரல்களோடு உட்கார்ந்திருக்கும் அகுஸ்டேவின் போட்டோ. அதுவரை 'அகுஸ்டே டி.' என்று ஓர் எழுத்தோடு நின்றிருந்தவருக்கு முகம் கிடைத்தது.

கார்லுக்கு? கார்லுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

*

நான் படித்தது பி.காம். எதையும் ஐந்தொகை போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். ஆகவே ஒரு கணக்கு.

2019-ம் ஆண்டில் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்களுக்காக உலகம் செலவழித்த தொகை 1.3 டிரில்லியன் டாலர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வழக்கத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடி டாலர். மருந்து, ஆஸ்பத்திரி, டாக்டர் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் கிட்டத்தட்ட பாதித் தொகையை யாரும் யாருக்கும் கொடுக்கவே இல்லை! குடும்பத்தார் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்ட நேரத்தின் மதிப்பு அது. சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் எழுபது சதவிகிதம் பெண்களுடையது.

எந்த லெட்ஜரிலும் ஏறாத வரவு.

இந்தக் கணக்கை முதலில் சத்தமாகப் பேசியவர்களும் வீட்டுக்காரர்கள்தான். அரை நூற்றாண்டுக்கு மேல், அல்ஸைமர் நோய் என்றால் 65 வயதுக்குள் வரும் அபூர்வ வியாதி என்றுதான் மருத்துவம் நினைத்தது. கிழவர்களுக்கு வந்தால் அது நோயில்லை, வயசாச்சு, அவ்வளவுதான். 1976-ல் அமெரிக்க நரம்பியல் நிபுணர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு கட்டுரை எழுதினார். அம்பதில் வந்தாலும் எண்பதில் வந்தாலும் இரண்டும் ஒரே நோய்தான் என்றார். ஒரே கட்டுரையில் அபூர்வ வியாதி, ஊர் முழுக்க இருக்கும் வியாதியாகிவிட்டது.

சிகாகோவில் ஜெரோம் ஸ்டோன் என்று ஒரு தொழிலதிபர். அட்டைப்பெட்டி தயாரிக்கும் கம்பெனி நடத்தியவர். 1970-ல் அவர் மனைவி எவ்லினுக்கு இந்த நோய் என்று சொன்னார்கள். விவரம் கேட்டால் சொல்ல ஆளில்லை, படிக்கப் புத்தகமில்லை. தம்மைப் போலத் தவித்த மற்றக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு 1980-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் இன்றைய அமெரிக்க அல்ஸைமர் சங்கம். அடுத்த வருடமே நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் இருவரும் எழுதிய ஒரு கையேடு வந்தது. நோயாளிக்கு இல்லை, பார்த்துக்கொள்பவருக்கு. தலைப்பு, 'முப்பத்தாறு மணி நேர நாள்'. ஒரு நாளைக்கு எத்தனை மணி என்று அவர்களிடம்தான் கேட்கவேண்டும்!

நம் பக்கத்தில் 1992-ல் கேரளத்தின் குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் முன்னின்று இந்தியாவுக்கான சங்கத்தை ஆரம்பித்தார். 1998-ல் கொச்சியில் நடந்த மாநாட்டில் '10/66' என்று ஓர் ஆராய்ச்சிக் குழு உருவானது. என்ன பெயர் இது? மறதி நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் 10 சதவிகிதம்கூட அவர்களைப் பற்றி இல்லை. அதுதான் பெயர்க்காரணம். அதன் ஆய்வுகளில் சென்னையும் வேலூரும் இடம்பெற்றன.

கோவாவில் இன்னொன்று செய்து பார்த்தார்கள். டாக்டரை அனுப்பவில்லை. உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளி இருக்கும் வீடுகளுக்கு அனுப்பினார்கள். இப்படிச் செய்தால் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்வதும், வீட்டுக்காரர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதும்தான் அவர்கள் வேலை. அந்த வீடுகளில் பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. 2008-ல் முடிவு வெளியானது.

2023-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. அதாவது, குறைந்தது 88 லட்சம் கார்ல்கள்.

*

அதில் ஒருவரை எனக்குத் தெரியும்.

திருவல்லிக்கேணியில் எங்கள் அத்தை ஒருவர் இருந்தார். எழுபத்தைந்து தாண்டியதும் ஞாபகம் போக ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும், "இன்னும் சோறு போடலை" என்பார். ஒருநாள் வளையலைக் காணோம். மருமகள்தான் எடுத்துவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். வளையல் அரிசி டப்பாவில் இருந்தது. போட்டது யாரென்று சொல்லவேண்டியதில்லை. அந்த மருமகள்தான் அத்தையைக் குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டிருந்தவர்.

கார்ல் மேல் விழுந்த பழி ஞாபகம் வருகிறதா? முதல் கேஸிலேயே பழி விழுந்தது ரொம்ப நெருக்கமானவர் மேல்தான். யார் பக்கத்தில் இருக்கிறாரோ, அவர் மேல்தான் விழும். தெரிந்தால் பாதி அழுகை மிச்சம்.

நான் பார்க்கப் போயிருந்தேன். கையில் திராட்சைப் பொட்டலம். எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் யாருன்னு சொல்லுங்க அத்தை, பார்க்கலாம்!"

அத்தை சிரித்தார். "தெரியாம என்னப்பா..." என்றார். பெயர் வரவில்லை. என் முகத்தையே பார்த்தார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. பரீட்சையில் ஃபெயிலான குழந்தை மாதிரி புடவைத் தலைப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சமையல்கட்டிலிருந்து மருமகள் வந்தார். "அத்தை, உங்க சின்ன அண்ணன் பையன் வந்திருக்காங்க. பத்திரிகை ஆபீஸ்ல வேலை. உங்களுக்குப் பிடிக்கும்னு திராட்சை வாங்கிட்டு வந்திருக்காங்க பாருங்க."

"அதானே, எனக்குத் தெரியாதா!" என்றார் அத்தை. முகம் தெளிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வர்றவங்க எல்லாரும் இதையே கேக்கறாங்க. நீங்க போனப்புறம் ராத்திரி முழுக்க அவங்க தூங்கமாட்டாங்க. எதையோ மறந்துட்டேன், எதையோ மறந்துட்டேன்னு நடந்துக்கிட்டே இருப்பாங்க. நானும் கூடவே நடக்கணும்."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அல்ஸைமர் கேள்வி கேட்டதில் அர்த்தமுண்டு. அவர் டாக்டர். நோயைக் கண்டுபிடிக்க அவருக்கு அந்தக் கேள்விகள் தேவை. நமக்கு எதற்கு? தெரிந்துகொள்ள நமக்கு ஒன்றுமே இல்லை. கேள்வி டாக்டருடையது. பதில் வீட்டுக்காரருடையது. நீங்கள் யார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பெயரை, உறவை, வந்த காரணத்தை. பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் சொல்லுங்கள். இங்கிலாந்தில் டாம் கிட்வுட் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். நோயைப் பார்க்காதே, முதலில் மனிதரைப் பார் என்று வாழ்நாள் கடைசி வருடங்களை இதற்கே செலவழித்தவர். 1997-ல் புத்தகமே எழுதினார். திருவல்லிக்கேணிச் சமையல்கட்டில் அதை யாரும் படித்திருக்கவில்லை.

இன்னொன்று. மறதி வந்தால் வயசு என்று விட்டுவிடாமல் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் ஞாபகம் தடுமாறும். அவை சரிசெய்யக்கூடியவை. அல்ஸைமர்தான் என்றால், அதை முழுக்கக் குணப்படுத்த இன்றுவரை மருந்தில்லை. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனிமாப்கூட, ஆரம்பக் கட்டத்தில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. அவ்வளவுதான். ஆகவே மிச்சமிருக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒரு மனிதரின் கையில் இருக்கிறது. அந்த மனிதருக்கும் தூக்கம் வேண்டும்.

அடுத்தமுறை அப்படியொரு வீட்டுக்குப் போனால் திராட்சையைக் கட்டிலருகே வைத்துவிட்டு, உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். பார்த்துக்கொள்பவரைப் பார்த்து, "நீங்க போய் ரெண்டு மணி நேரம் படுத்துத் தூங்குங்க, நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து போன் பண்ணி யோசனை சொல்லும் தம்பிகளைவிட நீங்கள் அவருக்கு மேலானவராகத் தெரிவீர்கள்.

கார்லிடம் யாராவது அப்படிச் சொன்னார்களா என்பது அந்த நீல ஃபைலில் இல்லை.